நோகாத உடம்பு

மச்சானைத் தொட எனக்கு அனுமதி இல்லை. அவர் ராத்தாவின் புருஷன். நான் ராத்தாவின் தங்கச்சி. நடுவில் மார்க்கம் கிழித்த கோடு. கற்பிட்டிக் கரையில் ஒரே வளவுக்குள் இரண்டு வீடு, ஒரு கிணறு, ஒரு முருங்கை. கிணற்றுக்கு இந்தப் பக்கம் நின்றுதான் அவரை வருசக்கணக்காகப் பார்த்தேன். ஊரில் கை உள்ளவர்கள் எல்லோரும் அவரைத் தொட்டார்கள். பிடித்தார்கள், தள்ளினார்கள், நிமிர்த்தினார்கள், சரிந்த காலை எடுத்து நேராக வைத்தார்கள், பச்சைப் பிள்ளைக்குச் செய்வதுபோல் சாரத்தை இழுத்துவிட்டார்கள். தொடாத ஒருத்தி நான். அதனாலோ என்னவோ என்னோடு மட்டும் அவர் சண்டை போட்டதில்லை.

"மதினி ஒராள்தான் கையக் கட்டிக்கொண்டு கதைக்கிறது" என்பார். "மத்தவங்களுக்கு வாய் வர முந்திக் கை வந்திரும்."

அவரை நினைத்தால் முதலில் வருவது கண்ணாடி. மோட்டார் சைக்கிளின் பக்கக் கண்ணாடி ஒன்றைத் தடி நுனியில் தங்கூசி நூலால் இறுக்கிக் கட்டி வைத்திருந்தார். விடியற்காலை சுபஹு தொழுத கையோடு அறைக் கதவைச் சாத்தி, கட்டிலில் ஒருக்களித்து, அந்தத் தடியைப் பின்னால் கொண்டுபோய்த் தன் இடுப்பைப் பார்ப்பார், குண்டியைப் பார்ப்பார், குதிக்காலைப் பார்ப்பார். எங்காவது சிவந்திருக்கிறதா என்று. சிவந்திருந்தால் அன்று முழுக்கக் குப்புறப் படுக்கை. சில்லுக் கதிரை இல்லை, வாசலில் போட்ட சின்னக் கடை இல்லை, ஊர்க்கதை இல்லை. சிவப்புப் போகும்வரை அப்படித்தான். சிவப்பு இல்லாவிட்டால் உலகம் திறந்துகொள்ளும். இடுப்புக்குக் கீழே அவருக்கு எதுவும் தெரியாது. முள் குத்தினாலும் தெரியாது, நெருப்புப் பட்டாலும் தெரியாது. "நோத் தெரியாத உடம்புக்குக் கண்ணாலதான் நோகும்" என்று ராத்தாவுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்.

ஊருக்கு இந்தக் கதை வேறு மாதிரிப் போய்ச் சேர்ந்தது. நடக்க ஏலாட்டியும் சோக்குக்குக் குறைவில்ல, விடிய எழும்பினதும் கண்ணாடி பார்க்கிறார் என்றார்கள்.

கடலில் மூழ்கிக் கடலட்டை குளித்தவர் அவர். முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு இறங்கினால், மணலோடு மணலாகக் கிடக்கும் அட்டையை, மற்றவர்கள் தாண்டிப்போன இடத்திலிருந்து எடுத்துக்கொண்டு வருவாராம். மண் கொஞ்சம் மூச்சு விடுவதுபோலத் தெரியும், அதுதான் அட்டை என்பார். அந்தக் கண்தான் பிறகு சொந்த முதுகின் மேல் இறங்கி மேய்ந்தது. ஒரு மனுசனின் கடல் வற்றி வற்றி ஒரு கண்ணாடித் துண்டுக்குள் வந்து நின்றது. அதிலும் அவர் சிவப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

நடந்தது இதுதான். ஒரு நாள் ஆழத்தில் இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று இருந்துவிட்டு, காற்று முடிகிற அவதியில் விறுவிறு என்று மேலே வந்துவிட்டார். வள்ளத்தில் ஏறிப் பிளேன்டி கேட்டிருக்கிறார். கோப்பை கைக்கு வர முந்திக் கால் மரத்துவிட்டது. முள்ளந்தண்டுக்குள் காற்றுக் குமிழ் அடைத்தது என்று டொக்டர்மார் பிறகு சொன்னார்கள். வள்ளத்தில் இருந்தவர்களுக்கு அது புதிது அல்ல. குளிக்கப் போகிற ஊர்களில் கால் போனவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் ஒரு கைவைத்தியமும் இருக்கிறது: திரும்பவும் தண்ணிக்குள்ள இறக்கு, காத்துக் கலைஞ்சிரும். மச்சான் ஆஸ்பத்திரிக்கு விடச் சொல்லியிருக்கிறார். திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். ஒனக்கு ஒண்டும் வெளங்காது, சும்மா இரி தம்பி என்று அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கடலில் இறங்கினார் அந்த வள்ளத்தின் மூத்த குளியாளி. காற்றுக் கலையவில்லை. கரைக்கு வந்ததும் அவரைத் தோளில் போட்டுக்கொண்டு மணலில் ஓடியவரும் அந்த மூத்தவர்தான். அதோடு கடலை விட்டுவிட்டு ஐஸ் வியாபாரம் தொடங்கினார். நாங்கள் ஐஸ் நானா என்போம். பள்ளிவாசல் நிருவாகத்தில் முன்னுக்கு நிற்பவர். கிழமை தவறாமல் எங்கள் வளவுக்கு மீன் அனுப்புவார். நல்ல மனிதர். வாயெல்லாம் கசந்துகொண்டுதான் இதை எழுதுகிறேன், ஆனாலும் பொய் எழுத வரவில்லை: நல்ல மனிதர். மச்சானைக் கடலிலிருந்து தூக்கிய அவருடைய கை அதற்குப் பிறகு கீழே இறங்கவே இல்லை.

கொழும்புப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் மாசக்கணக்காகக் கிடந்துவிட்டு வந்தார் மச்சான். போகும்போது அழுதுகொண்டு போனவர், வரும்போது அதட்டிக்கொண்டு வந்தார். அங்கே வயசான சிங்கள மிஸ் ஒருத்தி இருந்திருக்கிறாள். கட்டிலிலிருந்து பலகை வழியே வழுக்கிக் கதிரைக்கு ஏறுவது, டியூப் போட்டுச் சலம் எடுப்பது, கண்ணாடி பார்ப்பது எல்லாம் அவள் பழக்கியது. நோயாளிகளைப் பார்க்க வரும் சொந்தக்காரர்களை அவள் ஒரு வாசகத்தால் விரட்டுவாளாம். "அஹலா அல்லன்ன." கேட்டுவிட்டுப் பிடிங்க. மச்சான் அதை அவளுடைய குரலோடும் அவளுடைய முறைப்போடும் ஊருக்குக் கொண்டுவந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து மற்றவர்கள் மருந்துப் பையோடு வருவார்கள். இவர் கையில் இந்த இரண்டு சொல்.

யார் கிட்ட வந்தாலும் அதுதான் ஸலாமுக்கு அடுத்த பேச்சு. அஹலா அல்லன்ன. ஊரே அவருக்கு அதைப் பட்டப் பெயராக்கிச் சிரித்தது. சிரித்துக்கொண்டே கதிரையைப் பிடித்துத் தள்ளியது. வேலிப் பொட்டுக்குள் தலையை விட்டுப் பார்க்கிற கழுதைகளை எனக்குக் காட்டுவார். "இதுகளுக்கு வெளங்கினது ஊருக்கு வெளங்கல்ல மதினி. பாருங்க, நிண்டு நம்மட மொகத்தப் பாத்துட்டுத்தான் காலை எடுத்து வைக்கிது."

அவருக்கு இன்னொரு பழக்கம். கதைத்துக்கொண்டே இருப்பார், திடீரென்று கதிரையின் இரண்டு பக்கமும் உள்ளங்கையை ஊன்றி உடம்பை மேலே உயர்த்துவார். கொஞ்ச நேரம் அந்தரத்தில். பிறகு மெல்ல இறக்கம். குண்டிக்கு இரத்தம் ஓடவேண்டும், ஓடாவிட்டால் தோல் செத்துப்போகும் என்று மிஸ் சொன்னது. சோற்றுக்கு நடுவிலும் செய்வார், யாராவது தங்கள் வீட்டுச் சோகத்தை அவிழ்த்துக்கொண்டிருக்கும்போதும் செய்வார். ஒரு தரம் கடையில் றீலோட் போட வந்த ஒராள், இவர் எழும்பப் பார்க்கிறார் என்று பதறி ஓடிவந்து கக்கத்தில் பிடித்துத் தூக்க, இரண்டு பேரும் கதிரையோடு மணலில். எழும்பப் போறீங்க எண்டு நெனச்சன் நானா, என்று அந்த ஆள் அழாக்குறை. மச்சான் வாயிலிருந்து மண்ணைத் துப்பினார். "நான் எழும்பினா ஊருக்குச் செல்லாமலா எழும்புவன்" என்றார்.

சிரித்தோம். அன்று பகல் அவர் கதவைச் சாத்திக்கொண்டு இன்னொரு தரம் கண்ணாடி பார்த்ததை ராத்தா மட்டும் கண்டாள்.

உதவி வேண்டாம் என்றவர் அல்ல அவர். ஊர் அப்படித்தான் சொல்லியது: பெருமைக்காரன், ரோசக்காரன், கால் போயும் திமிர் போகவில்லை. பொய். உதவி கேட்கத் தெரிந்த ஒரே ஆம்பிளை இந்தக் கரையில் அவர்தான். கிணற்றுத் தண்ணீர் அள்ளித் தரச் சொல்லிக் கேட்பார். முதுகு கழுவக் கேட்பார். முதுகெலும்பு முடியிற இடம் கண்ணாடிக்குள்ள வருதில்ல, ஒருக்காப் பாரு, என்று ராத்தாவிடம் ஒவ்வொரு நாளும் கேட்பார். எதை, எப்படி, எதுவரைக்கும் என்று வெட்டிக் கேட்பார். அதற்கு மேல் ஒரு விரல் நீண்டாலும் முகம் கறுத்துவிடும்.

ராத்தாவுக்கு அது பெரிய பாடு. கட்டிலில் இந்தப் பக்கம் உருண்டு கொஞ்சம் இழுத்து, அந்தப் பக்கம் உருண்டு கொஞ்சம் இழுத்து, அவர் சாரம் உடுத்தி முடிக்க ஒரு பானை சோறு வடித்துவிடலாம். ஒரு கலியாண வீட்டுக்குப் போகிற நாள். வாசலில் வேன் வந்து கோர்ன் அடித்துக்கொண்டு நிற்கிறது. ராத்தா பொறுக்க மாட்டாமல் போய்ச் சாரத்தை ஒரே இழுப்பாக இழுத்து முடிச்சும் போட்டுவிட்டாள். அவர் முடிச்சை அவிழ்த்தார். சாரத்தை முழங்காலுக்குக் கீழே தள்ளினார். முதலிலிருந்து தொடங்கினார். வேன் போய்விட்டது. ராத்தா கலியாணத்துக்குக் கட்டிய சேலையோடு கிணற்றுக் கட்டில் வந்து இருந்து அழுதாள்.

பிறகு அவர் சொன்னதை எனக்குச் சொன்னாள். "நீ எனக்குக் காலாகிட்டா, எனக்குப் பொஞ்சாதி இல்லாமப் போயிரும்." 

அவள் திரும்ப ஒருபோதும் அந்த முடிச்சைத் தொடவில்லை. புருஷன் பொஞ்சாதிக்கு நடுவே அப்படியொரு மரியாதையை நான் வேறு எந்த வீட்டிலும் கண்டதில்லை, என் வீட்டையும் சேர்த்து.

அறையிலிருந்து வாசல்வரைக்கும் மணலில் தும்புப் பாய் விரித்திருந்தார், சில்லுப் புதையாமல் இருக்க. வாசலிலிருந்து பள்ளிவாசல்வரை தார் ரோட்டு. தானே உருட்டிக்கொண்டு போய்விடுவார். காற்று எதிர்த்து அடிக்கிற மாதங்களில்கூட, மின்சாரக் காற்றாடிகள் தூரத்தில் சுழன்றுகொண்டிருக்க, தலையைக் குனிந்துகொண்டு உருட்டுவார். ஜும்ஆ நாட்களில் விடிந்ததிலிருந்து தண்ணீர் வாயில் வைக்க மாட்டார், பள்ளிக்குள் சாரம் நனைந்துவிடக் கூடாது என்று. ஊர் கிழமைக்கு ஒரு தரம் தொழப் போனது. அவர் கிழமைக்கு ஒரு தரம் நோன்பிருந்து தொழப் போனார்.

பள்ளி வாசலில் உயர்ந்த படிகள். உயிரோடு இருந்த காலமெல்லாம் அவருக்கு ஊரோடு இருந்த வழக்கு அந்தப் படிகளில்தான்.

அவர் கேட்டது சின்ன விசயம். கதிரையிலிருந்து படியில் இறங்கி, கதிரையின் மெத்தையைக் கீழே வைத்து, கையை ஊன்றி ஊன்றித் தானே மேலே ஏறிவிடுவார். நேரம் எடுக்கும். கதிரையை மட்டும் யாராவது மேலே கொண்டுவந்து தந்தால் போதும். "என்னை வேணாம், கதிரையைத் தூக்குங்க" என்பார். அவர்கள் அதைத் தலைகீழாகச் செய்தார்கள். அவரைத் தூக்கினார்கள், கதிரையை ரோட்டில் விட்டார்கள். ரோட்டில் உருண்ட சில்லு பள்ளிக் கம்பளத்தில் ஏறலாமா? மெத்தையும் கதிரையோடு வெயிலில். அது ஆஸ்பத்திரியில் கொடுத்த காற்று மெத்தை, அவருடைய தோலுக்கு அதுதான் காவல். ஒரு தரம் மெத்தையை மட்டுமாவது உள்ளே தாங்க என்று கேட்டிருக்கிறார். பின்னால் யாரோ மெல்லச் சொன்னாராம், அதுல நஜீஸ் பட்டிருக்கும், சலம் போற ஆள்தானே என்று. மெல்லச் சொன்னது அவருக்குக் கேட்டுவிட்டது. காலில்தான் உணர்வில்லை, காதில் இருந்தது. அதற்குப் பிறகு அவர் மெத்தையைக் கேட்கவில்லை. குத்பாப் பிரசங்கம் முடியும்வரை மெத்தையில்லாமல், மெல்லிய கம்பளத்தின் கீழே கல்லு, கையை ஊன்றி ஊன்றி உயர்ந்துகொண்டு இருந்தார். பக்கத்தில் இருப்பவர்கள் தோளை அமர்த்தி, ஆடாம இரிங்க என்றார்களாம்.

படிக்குப் பக்கத்தில் கதிரை உருட்டி ஏற ஒரு சாய்வு கட்டித் தரச் சொல்லிக் கேட்டார். தொழுகை முடிந்து எல்லோரும் நிற்கும்போது, முறையாக, ஐஸ் நானாவிடம்.

"எங்கட தோள் எதுக்குத் தம்பி இரிக்கி?" என்றார் ஐஸ் நானா. "சாய்வு கட்டினா ஒன்னத் தூக்கிற நன்மை எங்களுக்கு எங்கால வாறது? சீமெந்துக்கா எழுதச் செல்லுற?"

எல்லோரும் சிரித்தார்களாம். அன்பான சிரிப்புத்தான். மச்சானும் சிரித்தாராம். வந்து கிணற்றடியில் கதிரையை நிறுத்தி எனக்கு இதைச் சொல்லும்போதும் சிரிப்பு இருந்தது. பிறகு உள்ளங்கையை ஊன்றி உயர்ந்தார், அந்தரத்தில் நின்றபடியே சொன்னார்.

"அவங்கட சொர்க்கத்துக்கு நான் ஒரு படி மதினி. படிக்குச் சாய்வு ஆராவது கட்டுவாங்களா?"

அந்த வருசம் நோன்பு முழுக்கப் பள்ளிக்குப் போகவில்லை. ஊர் மனம் நொந்தது. தங்களுக்கு வரவேண்டிய ஒன்று வராமல் நின்றதுபோல நொந்தது. கஞ்சி அனுப்பினார்கள், ஈத்தம்பழம் அனுப்பினார்கள், ஆள் அனுப்பினார்கள்.

பெருநாள் காலை. கண்ணாடியில் சிவப்பு. வலப் பக்க இடுப்பெலும்புக்குக் கீழே, ஒரு வெற்றிலையளவு. ராத்தாவும் பார்த்து ஓம் என்றாள். அவர் குப்புறப் படுத்துவிட்டார். வீட்டில் தொழுதுகொள்வேன், சிவப்புப் போகட்டும், நாளைக்கு வட்டிலப்பம் சாப்பிடலாம் என்றிருக்கிறார். நான் என் குசினியில் நின்றேன். வாசலில் தக்பீர் சத்தம், அத்தர் வாசம், புதுச் சட்டைகள். ஐஸ் நானா முன்னுக்கு, பின்னால் நாலைந்து பேர்.

பெருநாளும் அதுவுமாக ஒரு முஸ்லிம் வீட்டில் கிடப்பதா என்றார் ஐஸ் நானா. அறைக்குள் போய்விட்டார்கள். மச்சானுடைய குரல் எனக்குக் கேட்டது. வேணாம். இண்டைக்கு ஏலாது. சிவந்திரிக்கி, இரிக்கக் கூடாது. வேணாம் நானா. பிறகு அந்த இரண்டு சொல், சிங்களத்தில், அதட்டலாக இல்லாமல். அவர்கள் அதைக் கேட்டுச் சிரித்தார்கள், பழைய பகிடிதானே. வெக்கப்படாதீங்க என்று ஒருவர் சொன்னார். ராத்தா கும்பலுக்குப் பின்னால் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். புதுச் சாரத்தை அவர்களே உடுத்தி, அவர்களே முடிச்சுப் போட்டு, கழுத்தில் அத்தர் பூசி, தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். ஆளுக்கொரு கை, ஆளுக்கொரு கால். தலை மேலே பார்த்துக்கொண்டிருந்தது. தூக்குகிறவர்களில் ஒருவருடைய கண்ணில் கண்ணீர் நின்றது, அவ்வளவு சந்தோசம்.

நான் அந்தக் கோட்டைத் தாண்டித்தான் போனேன். கிணற்றைச் சுற்றி ஓடி வழியில் நின்றேன். "வேணாமெண்டு செல்றார். கேக்கல்லியா ஒங்களுக்கு?"

ஐஸ் நானா என்னைப் பார்த்துக் கோபப்படவில்லை. பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். "நீங்க உள்ளுக்குப் போங்க தங்கச்சி. அவருக்கு நோகாது."

மச்சான் என்னைப் பார்த்தார். அப்போதும் நான் கை நீட்டவில்லை; அவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

பள்ளிப் படியில் ஒருவருக்குக் கால் சறுக்க, விளிம்பில் அவரை உரசி இருத்தி, மூச்சு வாங்கி, மறுகாத் தூக்கியிருக்கிறார்கள். உள்ளே மெத்தையில்லாத தரை. பெருநாள் குத்பா நீளம். தொழுது முடிந்து ஊரெல்லாம் அவரைக் கட்டித் தழுவ வரிசையில் வந்தது. பகல் லுஹர் பாங்கு சொல்லுகிற நேரம் கொண்டுவந்து கட்டிலில் வைத்தார்கள். புதுச் சாரத்தில் ஒரு ஈரம். ராத்தா சலம் என்று நினைத்தாள். அவர் கண்ணாடியை எடுத்துத் தரச் சொல்லிக் கேட்டார். பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். தோல் உரிந்திருந்தது.

புண் வெளியே சின்னது, உள்ளே பெரியது. உள்ளுக்குள்ளேயே அகன்றுகொண்டு போனது. மருந்து கட்டினோம், குப்புறப் போட்டோம், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், எலும்பு தெரிகிறது என்றார்கள். காய்ச்சல் வந்தது, போனது, திரும்ப வந்து போகவில்லை. வாட்டில் ஆட்கள் வந்து அவரைப் புரட்டுவார்கள், விரிப்பை உருவுவார்கள். ஒவ்வொரு கை படும்போதும் அவர் உதடு அசையும் என்றாள் ராத்தா. சத்தம் வராதாம். அவளுக்குத் தெரியும் அது என்ன சொல் என்று. அவள் அவருக்காக அதைச் சொல்லிப் பார்த்திருக்கிறாள். வேலை கிடக்கிற ஆட்கள், யார் கேட்டுக்கொண்டு நிற்பது?

மச்சான் வாட்டிலேயே உயிர் போய் மையித்தானார். ஜனாஸாவை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். கிணற்றடியில் நாலு பக்கமும் விரிப்புகளைக் கட்டி மறைத்துக் குளிப்பாட்ட ஆயத்தம். தண்ணீர் காய்ச்சுவது என் வேலையாக வந்தது. சூடு பதமாக இருக்கட்டும், கூடிடக் கூடாது, கையை விட்டுப் பாருங்க என்று மறைப்புக்கு அந்தப் பக்கமிருந்து சொன்னார்கள். இலந்தை இலையும் கற்பூரமும் போட்டுக் குடத்தை மறைப்போரம் வைத்தேன். உள்ளே கழுவ நின்றவர்களில் ஐஸ் நானாவின் குரல் கேட்டது. அழுது அழுது அடைத்துப்போன குரல். அவர்தான் கேட்டு வாங்கிக்கொண்டாராம் அந்த வேலையை.

தும்புப் பாயின் முனையில் கதிரை நின்றது, மெத்தையோடு. ஒரு கழுதை வேலிக்குள் தலையை விட்டு எங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது.

மறைப்புக்குள் தண்ணீர் ஊற்றுகிற சத்தம். ஒருக்களிக்கிறார்கள் போல. யாரோ கொஞ்சம் வேகமாகப் பிடித்திருக்க வேண்டும். ஐஸ் நானா பதறினார்.

"மெதுவாப் பிடிங்க. இடுப்புப் பக்கம் மெதுவா. மையித்துக்கு நோகும்."